பூஜைக்குப் போன பென் டிரைவ்

ஆணியில் பென் டிரைவ் இல்லை.

அருணாதேவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். குடை இருந்தது. கணவன் மணிவேலின் காக்கிச் சட்டை இருந்தது. கறுப்புக் கயிற்றில் தொங்கவேண்டிய பென் டிரைவை மட்டும் காணோம். கடைத்தெருவிலிருந்து தூக்கிவந்த பூசணிக்காய் இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

இருக்காதா பின்னே? போன வாரம் வேங்கிக்கால் மனை விற்பனை அலுவலகத்தில் முதலாளி சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்! "திங்கக்கெழம வரும்போது கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சதுக்கு அத்தாட்சி கொண்டாம்மா, அந்த நாற்காலி உனக்கு. இல்லன்னா எங்க மச்சான் பொண்ணு ரெடியா இருக்குது." இன்றைக்குச் சனிக்கிழமை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்தக் கோர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஒரு கல்லூரி இன்டர்நெட்டிலேயே நடத்துகிற ஆரம்பப் படிப்பு அது. கம்ப்யூட்டரில் கடிதம் எழுதுவது, அட்டவணை போடுவது, படம் வரைவது எல்லாம் சொல்லித் தருவார்கள். வாத்தியார் கிடையாது, மணி அடிப்பது கிடையாது. அவரவர் வசதிப்படி, அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குள் முடித்தால் சரி.

'அவரவர் வேகம்' என்று எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது கூட்டுக் குடும்பத்தில் குப்பை கொட்டியிருக்க மாட்டான். முதல் மாதம் தேவி மளமளவென்று நாலு பாடம் முடித்தாள். அப்புறம் நாத்தனாருக்குப் பிரசவம் வந்தது. ஆடி வந்தது. மணிவேலுக்கு மஞ்சள் காமாலை வந்தது. படிப்பு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. ஏன் படிக்கவில்லை என்று திட்ட ஒரு ஆள் இல்லை. அதுதான் வினை. திட்டுவதற்கு ஒரு வாத்தியார் இருந்திருந்தால் அவள் எப்போதோ முடித்திருப்பாள் என்பது என் கட்சி.

கடைசி மூன்று வாரமாக விழுந்து விழுந்து படித்து மிச்சப் பாடங்களையும் பரீட்சைகளையும் முடித்துவிட்டாள். பாக்கி, கடைசியாகச் செய்து அனுப்ப வேண்டிய ஒரு வேலை மட்டும். மணிவேல் ஆட்டோ ஓட்டுகிற செங்கம் ரோடு ஸ்டாண்டில் எந்தெந்த நாளில் எத்தனை சவாரி கிடைக்கிறது என்று ஒரு வருஷத்துக்கு அட்டவணை போட்டு, அதைப் படமாகவும் வரைந்திருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோடு நெட்டுக்குத்தாக ஏறி, மறுநாளே தொப்பென்று விழும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

செய்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது மணிவேலிடம் கொடுத்துவிட்டுப் போன பழைய பெட்டி. அதில் இன்டர்நெட் இல்லை. பென் டிரைவில் ஏற்றி, பிரௌசிங் சென்டருக்குக் கொண்டுபோய்த்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்பக் கடைசி நாள் இன்று. இன்றைக்கென்று பார்த்து ஆயுத பூஜை.

"பூசணிக்கா கெடச்சுதா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

சந்திரகலா. மணிவேலின் அண்ணி. தேவிக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் மூன்று நாளாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "ராத்திரியும் பகலும் அந்தப் பொட்டி முன்னாடியே குந்திக்கினு இருந்தா ஒடம்பு என்னாத்துக்கு ஆகும்? படிச்ச வரைக்கும் போதும் போ" என்று சந்திரகலா சொல்லப்போக, "நான் மேல வந்துட்டா உங்களுக்குப் பொறுக்காதுக்கா" என்று தேவி வெடுக்கென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொன்ன வாயை அன்றைக்கே தைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"கெடச்சுதுக்கா" என்றபடி கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பூஜை முடிந்திருந்தது. சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. வாழை இலையில் பொரி, கடலை, வெல்லம். மணிவேலின் ஸ்பேனர்கள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சந்திரகலா சுக்குக் காபி விற்கிற பெரிய கேன் மாலையோடு நின்றது. கம்ப்யூட்டருக்குப் புதுத் துண்டு போர்த்தியிருந்தது. மிக்ஸி, அரிவாள்மணை, ஸ்டூல் மேல் இருக்கும் டெலிபோன் எதுவும் தப்பவில்லை.

தேவியின் பாடக் குறிப்புகளுக்கு மேலே, மல்லிகைச் சரம் சுற்றி, பென் டிரைவ்.

"என்னாக்கா இது? சாயங்காலம்தான பூஜைன்னீங்க?"

"காலண்டர் பாத்தேன். சாயங்காலத்தோட நவமி போயிடுது. மணி ஸ்டாண்டுக்குக் கெளம்பறதுக்குள்ள அவனயே கற்பூரம் காட்டச் சொல்லிட்டேன். நீ பஜார்ல மாட்டிக்கின, நான் என்னா பண்றது?"

"அக்கா, அந்த பென் டிரைவ் எனக்கு இன்னிக்கு வேணும்."

"நாளைக்கு எடுத்துக்கோ."

"நாளைக்கு எடுத்து என்னாக்கா பண்றது? இன்னிக்குத்தான் கடைசி நாளு!"

சந்திரகலா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். தேவியும் பார்த்தாள். அங்கே அப்பாதுரையின் படம் மாட்டியிருந்தது.

அப்பாதுரை சந்திரகலாவின் கணவர். அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆயுத பூஜை அன்று, மிஷினுக்குப் பொட்டு வைத்துப் படைத்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்தவரை, "அவசரமா நாலு மூட்ட மட்டும் அரைச்சிக் குடு" என்று கூப்பிட்டார்கள். கை கழுவிக்கொண்டு போனார். பெல்ட் இழுத்துக்கொண்டது. இலையில் போட்ட சோறு ஆறுவதற்குள் சேதி வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் படையலுக்கு வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை ஆகாமல் யாரும் தொடுவதில்லை. மணிவேல்கூட இன்றைக்கு ஆட்டோவைக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் பூஜை போடுவான். போட்டால் மறுநாள்தான் எடுப்பான்.

இது தெரிந்த பிறகு தேவியால் எப்படி வாதாட முடியும்? அதே சமயம், திங்கட்கிழமை வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

சந்திரகலா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். தேவி நின்றாள். கும்பிட்டாள். மல்லிகைச் சரத்தை மெல்லப் பிரித்து அங்கேயே வைத்துவிட்டு, பென் டிரைவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். 

"அவரப் பாத்துட்டு வந்துடறேங்க்கா!" என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.

தேரடி வீதியில் கால் வைக்க இடமில்லை. கடைக்குக் கடை வாழைக்கன்று, ஒலிபெருக்கி, ரோட்டில் உடைத்த பூசணிக்காய். அவள் வழக்கமாகப் போகும் பிரௌசிங் சென்டரில் எல்லா மானிட்டருக்கும் நெற்றியில் பொட்டு. ஓனர் வாசலிலேயே பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"பூஜ போட்டாச்சு சிஸ்டர். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க."

"ஒரே ஒரு ஃபைல் அண்ணா. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்னாலும் ஆன் பண்ணணும் இல்ல?"

அடுத்த கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த கடையிலும் பொரிதான் கிடைத்தது. மூன்று பொட்டலம் பொரியோடு நடுத்தெருவில் நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்காக நடத்துகிற கடைகள் இருக்கின்றனவே! அவர்களுக்கு ஏது ஆயுத பூஜை? ஓடிப்போய் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

அவள் நினைத்தது வீண் போகவில்லை. செங்கம் ரோட்டில், ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில், பொன்னி என்கிற பெண் மூன்று கம்ப்யூட்டர் போட்டு நடத்துகிற கடை திறந்திருந்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. மூன்றாவதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா யாருக்கோ நீளமாகக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பூஜ போடலயா?" தேவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ரெண்டுக்குப் போட்டேன். ஒண்ண நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். சாமிக்கும் குத்தமில்ல, யாவாரத்துக்கும் குத்தமில்ல" என்றாள் பொன்னி. "அந்தம்மா முடிச்சதும் உக்காருங்க."

அந்தம்மா எழுந்திருப்பதற்குள் தேவிக்கு உயிர் போய் உயிர் வந்தது. உட்கார்ந்தாள். கோர்ஸ் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது பாடத்துக்கும் எதிரே பச்சைப் புள்ளி. பத்தாவதற்கு எதிரே சிவப்பில் ஒரு வரி: இன்றே கடைசி நாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து பென் டிரைவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

உள்ளே சந்தனம்.

மேலாகத் தீற்றின சந்தனம் இல்லை. கம்ப்யூட்டரில் சொருகுகிற அந்த இரும்பு வாய் நிறைய, விரலால் வைத்து அழுத்தி அடைத்த சந்தனம். காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

"ஐயய்யோ, அத என் மிஷின்ல சொருகிடாதீங்க!" பொன்னி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். ஊக்கால் கிளறினாள். ஊதினாள். பொடி உதிர்ந்தது. துடைத்து, மனசில்லாமல் ஒரு தடவை சொருகியும் பார்த்தாள். கம்ப்யூட்டர் அதைச் சீந்தவே இல்லை.

"உள்ள ஈரம் எறங்கியிருக்கும். போச்சு. யாரு பண்ண வேல இது?"

யாரு பண்ண வேலை! தேவிக்குக் காதெல்லாம் சூடாகியது. தானாகத் தெறித்து விழுந்திருந்தால் மூடிக்கு மேலே அல்லவா விழும்? மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்து, மறுபடி மூடியும் வைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்குத் தான் சொன்னதுக்குப் பழி. நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கலாம். இப்படியா?

பொன்னியின் போனை வாங்கி மணிவேலைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஸ்டாண்டில் பாட்டு அலறியது.

"என்னாங்க, உடனே வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர ஆன் பண்ணுங்க. நான் வேற பென் டிரைவ் எடுத்துக்கினு வரேன்."

"படையல்ல இல்ல இருக்குது அது?"

"தெரியும். இன்னிக்கு அனுப்பலன்னா ஆறு மாசப் படிப்பு போச்சு, வேலயும் போச்சு. அக்கா என் பென் டிரைவ்ல சந்தனத்த அடைச்சு நாசம் பண்ணிட்டாங்க."

மணிவேல் பாட்டுச் சத்தத்திலிருந்து தள்ளி வந்தான். 

"தேவி, அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல. அம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்டு வளத்தவங்க. அவங்க வேணாம்னா நான் அதுல கை வைக்க மாட்டேன். நீ சண்ட போடாம கேட்டுப் பாரு. வண்டிக்கு இன்னும் பூஜ போடல, நான் வரேன்."

"நீங்க வந்து என்னாத்துக்கு!" போனை வைத்துவிட்டாள்.

பொன்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்லாவுக்குள்ளிருந்து தன் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். "இதுல என் பையன் பொறந்த நாள் போட்டோ எல்லாம் இருக்குது, பத்திரம். விளக்கு வெச்சு கொஞ்ச நேரம்தான் கடை. அப்புறம் மாமியார் வூட்டுப் படையலுக்குப் போகணும். சீக்கிரம் வந்துடுங்க."

திரும்பிப் போகிற பஸ்ஸில் தேவி வாயை மூடிக்கொண்டிருந்தாளே தவிர, உள்ளுக்குள் சந்திரகலாவோடு பேசிக்கொண்டே வந்தாள். எத்தனை கேள்வி கேட்டாள் தெரியுமா! பழைய மிக்ஸி விவகாரம்கூட அதில் வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது சந்திரகலா பூஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பிரித்த மல்லிகைச் சரம் கிடந்தது.

"எடுத்துக்கினு போனியா?"

"போனேன்." தேவி பென் டிரைவை அவள் முன்னால் வைத்தாள். "வேணும்னேதான அடைச்சீங்க? நான் படிச்சு வேலைக்குப் போயிடக்கூடாதுன்னுதான?"

"என்னாடி சொல்ற?"

"மூடிய கழட்டி உள்ள அடைச்சிருக்கீங்களே! மேல வெச்சிருந்தாக்கூட தொடைச்சிருப்பேன். இது செத்துப்போச்சுக்கா. என் ஆறு மாசம் செத்துப்போச்சு!"

சந்திரகலா அதைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

"மூடிக்கு மேல வெச்சா மூடிக்குத்தான பூஜ?" என்றாள் மெதுவாக. "அன்னிக்கி வீடு ஒட்டறை அடிக்கும்போது இத குப்பைன்னு தூக்கிப் போடப் போனேன். 'ஐயோ அக்கா, என் படிப்பு பூரா இதுக்குள்ளதான் இருக்குது'ன்னு நீதான கத்தின? படிப்பு உள்ள இருக்குது, நான் மேல வெச்சா எப்படி? அதான் தொறந்து, படிப்பு இருக்கற எடத்துலயே வெச்சேன்."

தேவி பென் டிரைவைப் பார்த்தாள்.

"குங்குமம் நான் தொடறதில்ல, உனக்கே தெரியும். ஸ்பேனரு, கேனு எல்லாத்துக்கும் மணிதான் வெச்சான். இதுக்கு மட்டும் என் கையால வைக்கணும்னு தோணிச்சு. கொழச்சு, கொஞ்சமா சந்தனம் மட்டும் வெச்சேன். பேசாம இருக்கோமே, இதையாவது செய்வோம்னு..." மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "நாசம் ஆவும்னு எனக்குத் தெரியாதுடி."

தேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் கேட்ட கேள்விகளெல்லாம் இப்போது அவளையே திரும்பிக் கடித்தன. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லையே! வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பொன்னி கடையைச் சாத்திவிடுவாள்.

"வுட்ருங்க அக்கா" என்றாள். "நான் சொன்னதுதான் தப்பு. வேல போனா போவுது."

நிஜமாகத்தான் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அந்தப் படிப்பு இதுல மட்டும்தான் இருந்துச்சா?"

"பொட்டியிலயும் இருக்குது."

சந்திரகலா எழுந்தாள். நேரே காலண்டரிடம் போனாள். தாளை விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி காலண்டரைப் பார்த்தாள். பௌர்ணமி, பிரதோஷம், அமாவாசை எதையும் நாக்கு நுனியில் வைத்திருப்பவள் அவள். சுக்குக் காபி வியாபாரம் அப்படி. தேவியின் அட்டவணைக்குப் பன்னிரண்டு பௌர்ணமியையும் காலண்டர் பார்க்காமலே சொன்னவள். இன்றைக்கு மட்டும் ஏன் இத்தனை தரம் பார்த்தாளோ!

"நவமி போயிடுச்சு" என்றாள். "தசமி பொறந்துடுச்சு."

"அக்கா..."

"நாளைக்குக் காலையில பண்றத இப்ப பண்ணிட வேண்டியதுதான். தசமியில மறுபூஜ பண்ணா எடுக்கலாம். தப்பில்ல. எழுந்திரு, மூஞ்சி கழுவிக்கினு வா. வெல்லம் இருக்குது, வாழப்பழம் இருக்குது. நீயே கற்பூரம் காட்டு."

குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது அது கடகடவென்று ஆடியது.

தேவி கற்பூரம் காட்டினாள். சந்திரகலா எப்போதும்போல நிலைப்படி ஓரமாகவே நின்று கும்பிட்டாள். படையல் கலைந்ததற்கு அடையாளமாக விளக்கை இம்மியளவு நகர்த்தி வைத்தார்கள். துண்டை எடுத்தார்கள். தேவி வயரைச் சொருகிவிட்டுக் கம்ப்யூட்டர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"இரு!"

தேவி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

சந்திரகலா நிலைப்படியை விட்டு உள்ளே வந்தாள். தேவியை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளினாள். "நீ தள்ளிப் போ. இன்னும் பின்னால போ. எது?"

"எதுக்குக்கா நீங்க..."

"எதுன்னு கேட்டேன்."

"அந்த உருண்டையா இருக்குது பாருங்க, அது."

சந்திரகலா ஒரு தடவை சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஏதாவது ஆவதென்றால் தனக்கு ஆகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அதை அவள் சொல்லவில்லை, ஆனால் தேவிக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தள்ளினாலும் போகவில்லை.

விரல் அழுந்தியது.

பீப் என்று ஒரு சத்தம். சந்திரகலா வீலென்று அலறிவிட்டாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஒண்ணும் ஆவலக்கா, அப்படித்தான் கத்தும் அது. கண்ண தொறங்க. ஒண்ணும் ஆவல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டது. மணிவேல் உள்ளே எட்டிப் பார்த்தான். அண்ணியையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். புத்திசாலி.

"தசமி பொறந்துடுச்சு. வண்டிக்கும் ஒரு கற்பூரம் காட்டிட்டு எடு" என்றாள் சந்திரகலா. "நானும் வரேன். மெதுவா ஓட்டு."

மணிவேல் ஓட்டினதை மெதுவாக என்று சொல்லக்கூடாது, ஆட்டோவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான் என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தும் ஒவ்வொரு பஸ் எதிரே வரும்போதும் சந்திரகலாவின் கை கம்பியை இறுக்கியது. தேவி, வீட்டிலேயே ஃபைலை ஏற்றிக்கொண்ட பொன்னியின் பென் டிரைவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அது வேர்வையில் நனைந்துவிடுமோ என்று வேறு பயந்துகொண்டிருந்தாள். செங்கம் ரோட்டில் தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

பொன்னி பாதி ஷட்டரை இறக்கியிருந்தாள்.

"ஐயோ, வந்துட்டோம் வந்துட்டோம்!" தேவி குனிந்து உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே சந்திரகலாவும் குனிந்து வந்தாள். மணிவேல் வெளியே வண்டியிலேயே இருந்தான்.

ஃபைல் திறந்தது. அட்டவணை சரியாக இருந்தது. படம் சரியாக இருந்தது. தேவி அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். நீலக் கோடு நகரத் தொடங்கியது. பாதியில் நின்றது. மூன்று பெண்களும் மூச்சை நிறுத்தினார்கள். பொன்னி கம்ப்யூட்டரின் மண்டையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். அதனாலோ என்னவோ, கோடு மறுபடி நகர்ந்து முடிந்தது.

உடனே இன்னொரு பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"என்னா கேக்குது?" என்றாள் சந்திரகலா.

தேவி மெதுவாகப் படித்துச் சொன்னாள். "இத முழுக்க முழுக்க நானே செஞ்சேன், யாரும் எனக்கு ஒத்தாச பண்ணலன்னு உறுதி குடுக்கணுமாம். இந்தக் கட்டத்துல டிக் போட்டாத்தான் எடுத்துக்குவாங்களாம்."

"போடு."

தேவியின் கை மௌஸிலேயே நின்றது. பக்கத்தில் நிற்கிறவளின் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சந்தனம் இருந்தது.

"எப்படிக்கா போடறது? பௌர்ணமி தேதி பூரா நீங்க சொன்னது."

"காலண்டர்ல இருக்கறத சொன்னேன். அது ஒத்தாசையா? போடு."

"சுவிட்ச அமுக்கினீங்களே?"

சந்திரகலா கொஞ்சம் யோசித்தாள். "அது உனக்காக அமுக்கல. எனக்காக அமுக்கினேன்" என்றாள். "இத்தன வருஷமா ஒவ்வொரு பூஜைக்கும் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். போதும்னு அமுக்கினேன். நீ போடு, அந்தப் பொண்ணு கடைய மூடணும் இல்ல?"

தேவி டிக் போட்டாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பத்தாவது பாடத்துக்கு எதிரே இருந்த சிவப்பு வரி போய்விட்டது. ஆனால் அங்கே பச்சை வரவில்லை. மஞ்சளாக ஒரு வரி வந்திருந்தது.

படித்தவள் முகம் மாறியது.

"என்னாடி, திட்டறாங்களா?"

"இல்லக்கா. நான் செஞ்சதப் பத்தி ஒரு ஆசிரியர் போன்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாராம். ஒழுங்கா பதில் சொன்னாத்தான் பாஸு. நாளைக்குக் காலையில கூப்பிடுவாராம். எடுக்கலன்னா ஃபெயிலாம்."

"எந்த நம்பருக்கு?"

"சேரும்போது நம்ம வீட்டு நம்பர்தான குடுத்தேன். ஸ்டூல் மேல இருக்கற போனு."

சந்திரகலா தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா?"

"தேவி..." என்றாள் அவள், குரல் இறங்கிப்போய். "கொழச்சதுல மிச்சம் இருந்துச்சு, அந்த போனுக்கும் நான்தான் வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"பேசற எடத்துலதான்டி. ஓட்ட ஓட்டயா இருக்குமே, அங்க."